பிடி அரிசியும் பள்ளிக்கூடமும்

அரசர்கள் ஆண்ட கதையையும் போர்கள் மூண்ட கதையையும் நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறீர்கள். ஆனால், அந்தப் பாடத்தைப் படிக்க நீங்கள் அமர்ந்திருக்கும் பலகைக்கும் ஒரு வரலாறு உண்டு. அப்பலகையைச் செய்ய மரம் கொடுத்தவர் யார்? ஆசிரியருக்கு முதன்முதலில் சம்பளம் எந்தப் பையிலிருந்து வந்தது? உங்கள் பாட்டனார் காலத்தில் அந்த வாயிலில் நுழைய முடிந்தவர் எவர், நுழைந்தும் நிலைக்க முடியாமல் திரும்பியவர் எவர்? இக்கேள்விகளை நாம் பெரும்பாலும் கேட்பதே இல்லை. பள்ளிக்கூடம் மலையைப் போலவும் கடலைப் போலவும் என்றும் இருந்துவந்த ஒன்று என்று எண்ணிக்கொள்கிறோம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அத்தகைய வரலாறு ஒன்று. அது விருதுநகரிலுள்ள க்ஷத்திரிய வித்யாசாலா என்னும் உயர்நிலைப் பள்ளியின் கதை. அதனோடு சேர்த்து, நம் நகரத்துப் பொதுப் பள்ளி எவரால் நடந்தது, எவரைக் காத்தது, எவரைக் காக்க இயலாமற்போயிற்று என்பதையும் சொல்ல விரும்புகிறேன். நான் வாழும் அச்சங்குளம், சாத்தூரை அடுத்த கரிசற்காட்டுச் சிற்றூர். மழை பெய்தால் பருத்தியும் சோளமும், பெய்யாவிட்டால் தீப்பெட்டியும் பட்டாசும் என்பது எங்கள் பக்கத்து வாழ்க்கை. இங்கிருந்து பார்ப்பவனுக்கு நகரத்து உயர்நிலைப் பள்ளி தொலைவில் தெரியும் கோபுரம் போன்றது. ஆகவே அதன் உயரத்தைப் புகழ்வதோடு நில்லாமல், அதன் நிழல் எவ்வளவு தூரம் எட்டிற்று என்பதையும் சேர்த்தே பேசுவேன்.

விருதுநகருக்குப் பழைய பெயர் விருதுபட்டி. 1923-ஆம் ஆண்டில்தான் அது விருதுநகர் என்னும் பெயரைப் பெற்றது. வற்றாத ஆறோ, பெரிய அணையோ, பரந்த நஞ்சையோ அதனைச் சுற்றி இல்லை. இத்தகைய ஊர் பெரிய சந்தையாக வளர்ந்தமைக்கு அதன் மக்களின் வாணிகத் திறனே முதற்காரணம். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் இருப்புப்பாதை 1876-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றபோது, அது இவ்வூர் வழியாகச் சென்றது. பருத்தியும் மிளகாய் வற்றலும் பருப்பும் எண்ணெயும் மூட்டை மூட்டையாகவும் பீப்பாய் பீப்பாயாகவும் வந்து குவிந்தன. ஒன்றும் விளையாத ஊர், ஆனால் எல்லாவற்றிற்கும் விலை சொல்லும் ஊர் என்று விருதுநகரைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவ்வேடிக்கையில் உண்மையும் உண்டு.

இவ்வாணிகத்தில் முன்னின்றவர்கள் நாடார் சமூகத்தினர். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் அவர்கள் பேட்டைகள் அமைத்து வணிகம் நடத்தினர். பொருள் சேர்ந்தது, ஆனால் அக்காலச் சமூகம் அவர்களுக்கு மதிப்பைத் தர மறுத்தது. பெருங்கோயில்களின் கதவுகள் அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்தன. கமுதிக் கோயில் நுழைவைப் பற்றிய வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-ஆம் ஆண்டில் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. அதற்கு முன்பு 1899-ஆம் ஆண்டில் சிவகாசியில் நடந்த பெருங்கலவரத்தில் வீடுகள் எரிந்தன; உயிர்கள் மாய்ந்தன. இவ்வாறு அவமதிக்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டம் என்ன செய்யும்? வாளை எடுக்கலாம், வழக்கு மன்றம் ஏறலாம். அவர்கள் இரண்டையும் ஓரளவு செய்து பார்த்தார்கள். ஆனால் நிலைத்த பயன் தந்தது மூன்றாவது வழி. அவர்கள் பள்ளிக்கூடம் கட்டினார்கள்.

விருதுபட்டியில் க்ஷத்திரிய வித்யாசாலா 1880களில் தோன்றியது. ஜமீன்தார் ஒருவரின் கொடையாலோ, அரசாங்கத்தின் ஆணையாலோ, சமயச் சங்கம் ஒன்றின் நிதியாலோ அது எழவில்லை. அதனைத் தாங்கியவை இரண்டு ஏற்பாடுகள். அவ்விரண்டையும் நீங்கள் நன்றாக அறிந்துகொள்ளவேண்டும்.

முதலாவது, மகமை. வணிகர் ஒவ்வொருவரும் தாம் விற்கும் அல்லது வாங்கும் சரக்கின்மேல் ஒரு சிறு தொகையைப் பொதுநிதிக்கென்று ஒதுக்குவர். இதனை உறவின்முறை என்னும் ஊர்ச்சபை திரட்டி, கிணறு, பேட்டை, கோயில், பள்ளி முதலிய பொதுக்காரியங்களுக்குச் செலவிடும். வணிகம் பெருகினால் மகமையும் பெருகும், சுருங்கினால் சுருங்கும். இது வரி போன்றதே. ஆனால் அரசன் விதித்த வரி அன்று. தமக்குத் தாமே விதித்துக்கொண்டது.

இரண்டாவது, பிடி அரிசி. வீட்டுப் பெண்கள் உலையில் அரிசி இடுவதற்கு முன்பு ஒரு பிடியை அள்ளித் தனிக் கலத்தில் போட்டு வைப்பார்கள். அவ்வாறு சேர்ந்த அரிசியை வீடு வீடாகத் திரட்டி, அதன் பயனைப் பள்ளிக்கு அளிப்பார்கள். ஒரு பிடி அரிசி குறைந்ததால் எந்த வீட்டிலும் எவரும் பட்டினி கிடந்ததில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான வீடுகளில், நாள் தவறாமல், அப்பிடி விழுந்துகொண்டே இருந்தால் ஆசிரியருக்குச் சம்பளம் தரலாம். கட்டணம் வாங்காமல் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கலாம்.

மகமையைத் தந்தவர்கள் கடையில் அமர்ந்த ஆடவர்கள். பிடி அரிசியைத் தந்தவர்கள் அடுப்படியில் நின்ற பெண்கள். அப்பெண்களுள் மிகப் பலர் எழுத்தறியாதவர்கள். அவர்களுடைய பெயர்களை நாம் அறியோம். தாம் படிக்க முடியாத பள்ளிக்கு அவர்கள் ஒவ்வொரு நாளும் அளந்து கொடுத்தார்கள். நன்கொடை என்பது வசதி உள்ளபோது ஒரு முறை தருவது. பிடி அரிசியோ வசதி இல்லாத நாளிலும் நினைவாகத் தருவது. ஒரு நிறுவனத்தை நூறாண்டுக்கு மேல் நிறுத்திவைக்கும் ஆற்றல் இத்தகைய கொடைக்கே உண்டு என்று நான் கருதுகிறேன்.

இனி, அக்காலத்து நகர உயர்நிலைப் பள்ளியின் அன்றாட வாழ்க்கையைச் சிறிது பார்ப்போம். இன்று நீங்கள் ஆறாம் வகுப்பு என்பதை அன்று முதல் பாரம் என்றார்கள். அதிலிருந்து ஆறாம் பாரம் முடிய ஆறு படிகள் ஏறிப் பள்ளியிறுதித் தேர்வு எழுதவேண்டும். அத்தேர்வில் தேறியவன் ஊரில் பெரிய மனிதன். அவன் பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ்.எல்.சி. என்னும் எழுத்துகள் பட்டம் போல் ஒட்டிக்கொள்ளும். கணக்கையும் சரித்திரத்தையும் பூகோளத்தையும் ஆங்கிலத்தில் கற்பிப்பதே வழக்கம். உயர் வகுப்புகளில் தாய்மொழி வழியே பாடம் நடத்தும் முறை 1930களின் இறுதியில்தான் வேர்கொண்டது. தமிழாசிரியரைப் பண்டிதர் என்று அழைப்பார்கள். அழைப்பில் மரியாதை இருந்தது. சம்பளத்திலோ அவர் மற்ற ஆசிரியர்களுக்குப் பின்னால் நின்றார்.

காலையில் மணி அடித்தவுடன் வழிபாடு. பிறகு பாடங்கள். மாலையில் டிரில் மாஸ்டரின் ஊதல் ஒலிக்கும். மண் தரையில் வரிசை வரிசையாகப் பிள்ளைகள் கையையும் காலையும் வீசுவார்கள். சாரணர் இயக்கம் ஒரு புறம். இலக்கிய மன்றம் மற்றொரு புறம். மன்றத்தில் பேச எழுந்த பையனுக்குக் கால் நடுங்கும். ஆனால் அங்கே நடுங்கியவர்களுள் சிலர் பிற்காலத்தில் பெருங்கூட்டங்களைக் கட்டிப்போட்டார்கள். கையெழுத்துப் பத்திரிகை, ஆண்டுவிழா நாடகம், சரசுவதி பூசை, விநாயக சதுர்த்தி எல்லாம் பள்ளியின் ஆண்டுக்கணக்கில் இடம்பெற்றன. 1940களின் இறுதியில் சென்னை மாகாண அரசு உயர்நிலைக் கல்வியைத் திருத்தி அமைத்தபோது, குடிமைப் பயிற்சியும் கைத்தொழிலும் பாடத்திட்டத்தில் சேர்ந்தன. பொறியியல், நெசவுத்தொழில், வேளாண்மை, செயலகப் பயிற்சி போன்ற தொழிற்பிரிவுகளும் மேல்வகுப்புகளுக்கு வந்தன. தக்ளியில் நூல் நூற்றுக்கொண்டே ஷேக்ஸ்பியரைப் படித்த தலைமுறை அது.

இந்தச் சூழலில் ஒரு செய்தியை எங்கள் பக்கத்துக்காரன் என்ற முறையில் சொல்லாமல் இருக்க இயலாது. மைக்கூட்டில் தொட்டும் பேனாவில் நிரப்பியும் மாணவர்கள் எழுதிய காலத்தில், பேனா முள் செய்யும் தொழிலுக்குச் சாத்தூர் பேர் பெற்றிருந்தது. அச்சுத்தொழில் சிவகாசியில் வளர்ந்தபின், குறிப்பேடுகளும் நாட்குறிப்புகளும் நாட்காட்டிகளும் அங்கிருந்து நாடெங்கும் சென்றன. நாட்டின் மாணவர்களுக்கு எழுதுமுள்ளும் எழுதும் ஏடும் தந்த சீமை இது. ஆனால் இச்சீமையின் பிள்ளைகள் எல்லாருக்கும் அவை கிடைத்தனவா? இக்கேள்விக்குப் பின்னர் வருவேன்.

க்ஷத்திரிய வித்யாசாலாவில் படித்த மாணவர்களுள் உலகறிந்தவர் காமராசர். அவர் 1903-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள் விருதுபட்டியில் பிறந்தார். திண்ணைப் பள்ளியில் எழுத்துக் கற்றபின் ஏனாதி நாராயண வித்யாசாலையில் சேர்ந்தார். அதன்பின் க்ஷத்திரிய வித்யாசாலாவுக்கு வந்தார். அவர் சிறுவராக இருந்தபோது நடந்ததாக வரலாற்றாசிரியர்கள் சொல்லும் ஒரு நிகழ்ச்சி உண்டு. விநாயக சதுர்த்திக்குப் பிள்ளைகளிடம் காசு திரட்டிப் பள்ளியில் பூசை செய்தார்கள். பிரசாதம் வழங்கும்போது மாணவர்கள் முண்டியடித்துக்கொண்டு முன்னே சென்று நிறைய வாங்கினார்கள். காமராசர் ஒதுங்கி நின்று, இறுதியில் கிடைத்த சிறிதளவோடு வீடு திரும்பினார். ஏன் இவ்வளவுதான் என்று பாட்டி கேட்டபோது, எல்லாரிடமும் ஒரே அளவு காசு வாங்கியவர்கள் எல்லாருக்கும் ஒரே அளவாகத் தருவதுதானே முறை என்று அவர் விடை சொன்னாராம். முட்டி மோதுகிறவனுக்கு நிறையவும் ஒதுங்கி நிற்கிறவனுக்குக் குறைவாகவும் கிடைப்பது பங்கீடாகாது என்பதை அச்சிறுவர் அன்றே கண்டுகொண்டார்.

ஆனால், நான் உங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புவது வேறொரு செய்தி. காமராசரின் ஆறாவது வயதில் அவருடைய தந்தையார் குமாரசாமி காலமானார். அன்னையார் சிவகாமி அம்மையார் நகைகளை விற்று, அத்தொகையை வணிகரிடம் கொடுத்துவைத்து, வட்டியைக் கொண்டு குடும்பத்தை நடத்தினார். ஆறாம் வகுப்போடு காமராசரின் படிப்பு நின்றது. தாய்மாமனின் துணிக்கடைக்கு அவர் வேலைக்குச் சென்றார்.

இதனைச் சற்று ஆழ்ந்து எண்ணிப் பாருங்கள். அது பிடி அரிசியில் நடந்த பள்ளி. கட்டணம் கேளாத பள்ளி. அவருடைய சொந்தச் சமூகத்தார் நடத்திய பள்ளி. அவர் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்த பள்ளி. அதன் கதவு அவருக்கு ஒருநாளும் அடைக்கப்படவில்லை. ஆயினும் அவர் வெளியேற நேர்ந்தது. ஏன்? கட்டணம் இல்லாத பள்ளியும் ஏழை வீட்டுக்கு இலவசம் ஆகிவிடுவதில்லை. பள்ளிக்குச் செல்லும் பிள்ளை ஈட்டித்தர முடியாமற்போகும் கூலியை அவ்வீடு இழக்கிறது. அதுவே உண்மையான கட்டணம். அதனைக் கட்ட முடியாத வீட்டிலிருந்து பிள்ளை கடைக்கோ வயலுக்கோ போய்விடுகிறது. கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது. உள்ளே வந்த பிள்ளை உள்ளேயே இருக்கும்படி தாங்கவும் வேண்டும். நம் பள்ளிகளின் நூற்றாண்டு வரலாற்றில் நான் காணும் முதன்மையான பாடம் இதுவே.

இந்தப் பாடத்தை விருதுநகர் மக்கள் அறியாமல் இல்லை. தமிழ்நாடு என்னும் பெயர் வேண்டி 1956-ஆம் ஆண்டில் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த தியாகி சங்கரலிங்கனாரை நீங்கள் அறிவீர்கள். அவர் தம் சேமிப்பை அந்நகரத்துப் பெண்கள் பள்ளிக்கு அளித்து, அதன் வட்டியில் பிள்ளைகளுக்கு நண்பகலில் உப்புமா வழங்க வழிசெய்தவர். பிறருக்காகப் பட்டினி கிடந்து மாண்டவர், பிள்ளைகள் பட்டினியாகப் படிக்கக்கூடாது என்று எண்ணியவருமாவார்.

நண்பகல் உணவு என்னும் கருத்து நம் நாட்டில் முன்னரே தோன்றியதுதான். 1920-ஆம் ஆண்டு சர். பிட்டி. தியாகராயரின் முயற்சியால் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் அதனைத் தொடங்கிற்று. ஆனால் அது சென்னையின் சில பள்ளிகளோடு நின்றது. மாநிலம் முழுவதற்கும் அதனைக் கொண்டுசென்றவர், ஆறாம் வகுப்போடு நின்ற மாணவர்தான்.

1953-ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தில் ஒரு புதிய தொடக்கக்கல்வித் திட்டம் வந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளியில் மூன்று மணி நேரப் படிப்பு; எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பயிலல் என்பது அதன் அமைப்பு. குலத்தொழிலை நிலைக்கச் செய்யும் திட்டம் என்று அதனை எதிர்த்துப் பெருங்கிளர்ச்சி மூண்டது. 1954-ஆம் ஆண்டு ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர், அத்திட்டத்தைக் கைவிட்டார். பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவருக்குத் துணைநின்றார். 1956-ஆம் ஆண்டு பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

அத்திட்டம் எவ்வாறு நடந்தது என்பதைக் கவனியுங்கள். அரசு ஏற்கும் முன்னரே பல ஊர்களில் மக்கள் தாமாகவே அரிசியும் பருப்பும் விறகும் திரட்டிப் பிள்ளைகளுக்குச் சோறிட்டார்கள். அரசு முன்வந்தபோது, ஒருவேளை உணவுக்குப் பத்துப் புதுக்காசு என்று கணக்கிட்டு, ஆறு காசை அரசும் நான்கு காசை ஊராரும் ஏற்பது என்று வகுத்தார்கள். அந்த நான்கு காசு எது? விருதுபட்டி அடுப்படியில் விழுந்த பிடி அரிசியேதான். ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காகச் செய்த ஏற்பாட்டை, ஒரு மாநிலம் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் செய்யத் தொடங்கியது என்றே நான் இதனைக் கொள்கிறேன்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்கக்கூடாது. மகமையும் உறவின்முறையும் ஒரு சாதியாரின் அமைப்புகள். அவற்றின் பெருமையைப் பேசும்போது அவற்றின் எல்லையையும் உணரவேண்டும். மகமை திரட்ட வணிகம் இல்லாத மக்கள் என்ன செய்வார்கள்? பிடி அரிசி எடுக்க உலையே ஏறாத வீட்டார் எங்கே பள்ளி கட்டுவார்கள்? ஒவ்வொரு சமூகமும் தனக்குத் தானே பள்ளி அமைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தால், கரிசற்காட்டுக் கூலி வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியே கிடைத்திராது. ஆகவேதான் ஊராரின் கொடையோடு அரசின் கடமையும் சேரவேண்டியிருந்தது. 1958-ஆம் ஆண்டு கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் இவ்விரண்டையும் இணைத்தன. ஊர் ஊராக மாநாடு கூடிற்று. மக்கள் பலகையும் கரும்பலகையும் நிலமும் கட்டடமும் சீருடையும் தந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் பள்ளியிறுதி வகுப்பு வரை கட்டணமில்லாக் கல்வி வந்தது. விருதுநகரிலும் கல்வி மேற்படி ஏறிற்று. செந்திக்குமார நாடார் பெயரிலான கல்லூரி 1947-ஆம் ஆண்டிலும், வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி 1962-ஆம் ஆண்டிலும் தோன்றின. பிடி அரிசி அள்ளிய பெண்களின் பேத்திகள் பட்டம் பெறத் தொடங்கினார்கள்.

இதுவரை கோபுரத்தைக் கண்டோம். இனி அதன் நிழல் எட்டாத இடத்திற்கு வருவோம்.

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். வறண்ட வானமும் வேலையற்ற கைகளும் நிறைந்த சீமைக்கு அத்தொழில் சோறு போட்டது. அதைத் தொடர்ந்து பட்டாசும் அச்சும் வளர்ந்தன. இதனை நன்றியோடு நினைக்கவேண்டும். ஆனால் அத்தொழில் சிறு விரல்களையும் தேடிற்று. சட்டத்தில் தீக்குச்சி அடுக்குவதை எங்கள் பக்கத்தில் கட்டை அடுக்குதல் என்பார்கள். அதற்கும், பெட்டி ஒட்டுவதற்கும் பல்லாயிரம் குழந்தைகள் சென்றார்கள். எண்ணிக்கைக்குக் கூலி, ஆகவே எவ்வளவு விரைவோ அவ்வளவு காசு. விடியற்காலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே தொழிற்சாலை வண்டிகள் ஊர் ஊராக வந்து உறங்கும் குழந்தைகளை ஏற்றிச் சென்றதை 1980களின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நகரத்தில் பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே, கிராமத்தில் இந்த வண்டியின் ஒலி கேட்டுவிடும். குறிப்பேடு அச்சாகும் சீமையில், அதில் எழுதவேண்டிய பிள்ளை தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

இங்கும் பள்ளிகள் இருந்தன, கட்டணம் இல்லை, மதிய உணவும் இருந்தது. 1982-ஆம் ஆண்டில் அது எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. ஆயினும் கூலி என்னும் அந்தப் பழைய கட்டணத்தைப் பல வீடுகளால் கட்ட முடியவில்லை. காமராசரை 1910களில் வெளியே இழுத்த அதே கைதான் எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் இக்குழந்தைகளை இழுத்தது.

அக்கையைத் தடுக்க அரசும் நீதிமன்றமும் மக்கள் இயக்கங்களும் மெல்ல மெல்ல முனைந்தன. 1976-ஆம் ஆண்டில் அர்பன்ஸ் சிங் என்னும் அரசு அதிகாரி இத்தொழில்களில் குழந்தைகளின் நிலையை ஆராய்ந்து அறிக்கை தந்தார். 1986-ஆம் ஆண்டில் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகளுக்காக எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்காகவும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் நல நிதிக்குச் செலுத்தவேண்டும் என்றும், அக்குழந்தையின் வீட்டில் வயது வந்த ஒருவருக்கு வேலை தேடித்தர அரசு முயலவேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. பிள்ளை பள்ளிக்குச் செல்வதால் வீடு இழக்கும் கூலியை ஈடுசெய்தாலன்றிப் பள்ளி நிறையாது என்பதை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. வேலையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கெனச் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. அங்கே படித்து முறையான பள்ளிகளில் சேர்ந்தவர்கள் பலர். ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வியை உரிமையாக்கிய சட்டம் 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம், வெடிமருந்து போன்ற ஆபத்தான தொழில்களில் பதினெட்டு வயது நிரம்பாதவர்களை அமர்த்துவதைத் தடைசெய்தது.

இவற்றின் பயன் வீண்போகவில்லை. 1985-ஆம் ஆண்டில் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து உருவான விருதுநகர் மாவட்டம், பொதுத்தேர்வுத் தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்தில் முதலிடம் பெற்றது. குழந்தைத் தொழிலுக்குப் பேர்போன மாவட்டம் தேர்ச்சிக்குப் பேர்பெற்றது சிறிய மாற்றமன்று.

எனினும், கணக்கு முடிந்துவிடவில்லை. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள், நாடெங்கும் ஆசிரியர் நாள் கொண்டாடிய அன்று, சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து நாற்பதை ஒட்டிய உயிர்கள் மாண்டன. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் எங்கள் அச்சங்குளத்திலேயே ஓர் ஆலையில் வெடிவிபத்து நேர்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்றாடக் கூலிக்கு வந்த ஆண்களும் பெண்களும் அவர்கள். இத்தகைய விபத்து ஒன்று நேரும்போது செய்தித்தாள்கள் இறந்தவர்களை எண்ணுகின்றன, அது முறையே. ஆனால் எண்ணப்படாத மற்றொரு கணக்கு உண்டு. சம்பாதித்தவர் மறைந்த வீட்டில், எட்டாம் வகுப்பிலோ பதினோராம் வகுப்பிலோ படிக்கும் பிள்ளையின் நிலை என்ன? தந்தையை இழந்த விருதுபட்டிச் சிறுவர் நின்ற இடத்தில்தான் அப்பிள்ளையும் நிற்கிறது. அன்று மாமனின் துணிக்கடை இருந்தது. இன்று அதே பட்டாசு ஆலை இருக்கிறது.

வேறுபாடு ஒன்று உண்டு. இன்று அப்பிள்ளையைத் தாங்கப் பல கைகள் நீண்டிருக்கின்றன. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதே ஆண்டில், அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டமும், 2024-ஆம் ஆண்டில் ஆண்களுக்கு அத்தகைய திட்டமும் தொடங்கப்பெற்றன. ஆயிரம் ரூபாய் பெருந்தொகை அன்று என்று நகைப்பவர்கள் இருக்கலாம். பிடி அரிசியும் பெருந்தொகை அன்று. வீட்டுக்கு வரவேண்டிய கூலியில் ஒரு பங்கைப் படிப்பின் பெயரால் வீட்டுக்கே தருவது என்னும் கருத்தில்தான் அதன் மதிப்பு இருக்கிறது.

மாணவ நண்பர்களே! பள்ளியின் வாயிலில் எழுதியுள்ள பெயர் மட்டும் அதனைப் பொதுப் பள்ளி ஆக்கிவிடாது. தெருவில் இருப்பவர்கள் அதற்குக் கொடுக்கவேண்டும்; கடைசி வீட்டுப் பிள்ளையும் அதில் நுழையவேண்டும்; நுழைந்த பிள்ளை இறுதி வகுப்பு முடியும்வரை அதில் நிற்கவேண்டும். முதல் இரண்டையும் நம் முன்னோர் பெரும்பாலும் செய்துவிட்டார்கள். மூன்றாவது இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை. அதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

உங்கள் வகுப்பில் பத்து நாளாக வராத மாணவன் ஒருவன் இருப்பான். வருகைப் பதிவேட்டில் ஆசிரியர் அவன் பெயரைக் கூப்பிட்டு, விடை வராமல் அடுத்த பெயருக்குச் செல்வார். அவன் எங்கே சென்றான் என்று கேளுங்கள். அவன் வீட்டுக்கு இருவராகச் செல்லுங்கள். விட்டுப்போன பாடத்தை எழுதிக் கொடுங்கள். அவன் வேலைக்குச் சென்றிருந்தால் ஆசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் சொல்லுங்கள். உதவித்தொகை எது உண்டு, அதற்கு எங்கே எழுதவேண்டும் என்று கேட்டறிந்து அவன் தாயிடம் சொல்லுங்கள். கல்லூரி மாணவர்களாகிய நீங்கள் ஊருக்கு வரும்போது, மாலையில் ஒரு மணி நேரம் சிறுவர்களை உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். இதற்கு மாநாடு வேண்டியதில்லை. நன்கொடைச் சீட்டு வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் தவறாமல் செய்வது ஒன்றே வேண்டும்.

க்ஷத்திரிய வித்யாசாலா இன்று மேல்நிலைப் பள்ளியாக வளர்ந்து நிற்கிறது. அதற்கு அரிசி அள்ளிய கைகள் மறைந்து பல்லாண்டுகள் ஆயின. அக்கைகளின் உடைமைக்காரர்கள் தங்கள் பிள்ளை முதலமைச்சராவான் என்று எண்ணி அள்ளவில்லை. அடுத்த வாரம் ஆசிரியருக்குச் சம்பளம் தரவேண்டுமே என்று எண்ணித்தான் அள்ளினார்கள். நாமும் அவ்வளவு எண்ணினால் போதும். நாளைக் காலை வருகைப் பதிவேட்டில் விடை வராத அந்தப் பெயருக்கு விடை வரும்படி செய்ய நம்மால் ஆவது என்ன என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போமாக.